உயரம் 999

அந்த அறையில் செருப்பு போடக் கூடாது என்று எங்கும் எழுதியிருக்கவில்லை, ஆனால் கதவுக்கு வெளியே மூன்று ஜோடி செருப்புகள் ஒழுங்காக இருந்ததால் ஆவுடைச்செல்வியும் தன்னுடையதைக் கழற்றி நான்காவதாக வைத்தாள். உள்ளே காலை வைத்ததும் குளிர் பாதம் வழியாக ஏறி முழங்காலில் வந்து நின்றது. வெளியே மே மாத வெயிலில் தார் உருகிக்கொண்டிருக்கிறது, இங்கே மெஷினைப் பார்த்துக்கொள்ளும் கமாலுதீன் சார் பழுப்பு நிறக் குரங்குக் குல்லாய் போட்டு உட்கார்ந்திருக்கிறார். "வாம்மா. ஸ்வெட்டர் கொண்டாரலியா?" "இல்ல சார்." "மொத நாளு யாரும் கொண்டார மாட்டாங்க. ஏசி மெஷினுக்கு. நாமெல்லாம் ஓசி." சிரிக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது, சிரிப்பு வருவதற்குள் அவர் திரும்பிவிட்டார். இரண்டு பீரோக்களை ஒட்டிவைத்ததுபோல மெயின்பிரேம் என்ற அந்தப் பழைய கணினி நின்றது. பணிப் பதிவகத்தின் முப்பத்தெட்டு லட்சம் பெயர்களும் அதற்குள். படிப்பை முடித்தவர்கள் வந்து பெயரைப் பதிவார்கள், மூன்று வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிப்பார்கள், அரசு வேலை ஏதாவது காலியானால் யார் முதலில் பதிந்தாரோ அவர் பெயர் முதலில் போகும். புதுப்பிக்கத் தவறினால் பதிவு காலாவதி, இருபது வருடம் காத்திருந்தவரும் வரிசையின் கடைசிக்குப் போய்விடுவார். இவ்வளவுதான் அந்த மெஷினுக்குத் தெரிந்த சட்டம் என்று நேற்றுவரை அவள் நினைத்திருந்தாள். சனிக்கிழமை அதை அணைக்கப்போகிறார்கள். அதற்கு முன் கடைசியாக ஒரு முறை, பழைய மெஷினும் புதிய மெஷினும் தனித்தனியாக எண்ணி, எத்தனை பதிவுகள் நடப்பில் இருக்கின்றன என்று சொல்ல வேண்டும். புதியது நேற்றே சொல்லிவிட்டது. பழையது இப்போது எண்ணிக்கொண்டிருக்கிறது, ஒரு லட்சத்துக்கு ஒன்றரை நிமிடம், ஒவ்வொரு லட்சத்துக்கும் பச்சைத் திரையில் ஒரு வரி. முடிந்ததும் காகிதத்தை எடுத்துக்கொண்டு பன்னிரண்டு மணிக்கு இணை இயக்குநர் மேடம் அறைக்குப் போக வேண்டும், அவர் கையெழுத்துப் போடுவார். எடுத்துக்கொண்டு போகிற ஆள் மட்டும்தான் அவள். யாரும் அவளைப் பேசச் சொல்லவில்லை.

மூன்றாவது லட்சம். காகிதத்தில் என்ன வரும் என்று அவளுக்கு முன்னாடியே தெரியும், அதுதான் தொந்தரவு. ஒத்திகை ஓட்டத்திலேயே வந்துவிட்டது: பழையதைவிடப் புதியதில் ஐயாயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினோரு பேர் குறைவு. புதிய மெஷினுக்கு மாற்றும் நிறுவனத்தில் அவளுடைய டீம் லீடரான கிருபாகரன் அதற்கு அறிக்கையில் ஒரு வரி எழுதிவிட்டார்: பழைய பிழை திருத்தப்பட்டது. பழைய மெஷின் காலாவதி ஆக்க மறந்தவர்களைப் புதிய மெஷின் சரியாகக் காலாவதி ஆக்கிவிட்டது என்று அர்த்தம். நியாயமாகத்தான் இருந்தது. புதியதும் பழையதும் சண்டை போட்டால் தப்பு பழையதன் மேல்தான் இருக்கும். ஆனால் மெஷின் எப்படி மறக்கும் என்று அவளுக்குள் ஒரு அரிப்பு. மனிதர் மறப்பார், மெஷின் மறந்தால் எல்லோரையும் மறக்க வேண்டும், இல்லையென்றால் யாரையும் மறக்கக் கூடாது, இந்த ஐயாயிரத்துச் சொச்சம் பேரை மட்டும் பொறுக்கி எடுத்து மறப்பானேன்? நேற்று மதியம் எல்லோரும் பிரியாணி சாப்பிடப் போனபோது அவள் தயிர்சாதத்தை வலதுகையில் பிசைந்துகொண்டே இடதுகையால், பழைய மெஷினிலிருந்து எடுத்த நகலில், அந்தப் பதிவுகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். தையல் ஆசிரியர். ஃபிட்டர். தட்டச்சர். தையல் ஆசிரியர். துணை செவிலியர். ஊர் வேறு, சாதிப்பிரிவு வேறு, பிறந்த வருடம் வேறு. அப்புறம் உயரம் என்ற கட்டத்துக்கு வந்தாள், வாயில் இருந்த சோற்றை விழுங்க மறந்தாள். உயரம் 999 சென்டிமீட்டர். அடுத்த ஆளுக்கும் 999. அதற்கடுத்தவருக்கும். பத்து மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் குறைவான தையல் ஆசிரியர்கள், பத்து மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் குறைவான செவிலியர்கள், தென்னை மரங்களுக்கு நடுவே நடந்து, குனிந்து, தாலுகா அலுவலக ஜன்னல் வழியாக ஒரு கண்ணை மட்டும் வைத்துப் பார்க்கிறவர்கள். யார் இவர்கள்? சிரிப்பு வந்தது, உடனே நின்றும்போனது. ஏனென்றால் உயரத்தைத் தொட்டது அவள்.

போன மாதம் அது. பெயர்களைப் புதிய மெஷினுக்கு மாற்றும்போது பொருந்தாத எண்கள் வந்தால் ரிஜெக்ட் ஆகும். பிறந்த தேதி பிப்ரவரி முப்பது, பின்கோடு ஐந்து இலக்கம், இந்த மாதிரி. உயரத்தில் ஆயிரக்கணக்கில் ரிஜெக்ட் வந்தது. அவள் ஒரு வரி எழுதினாள்: உயரம் இருநூற்றைம்பதுக்கு மேல் இருந்தால் கட்டத்தைக் காலியாக விடு. ஒரே வரி. ரிஜெக்ட் பூஜ்யமானது. கிருபாகரன் எல்லோருக்கும் முன்னால், "பாத்தீங்களா, செல்வி பேச மாட்டா, வேலைதான் பேசும்" என்றார். அன்றைக்கு அறைக்குப் போகிற பஸ்ஸில் அந்த வாக்கியத்தை நாலைந்து முறை தனக்குள் ஓட்டிப் பார்த்தாள், ஒவ்வொரு முறையும் இனித்தது. இப்போது அதே வாக்கியத்தை ஓட்டிப் பார்த்தால் கசந்தது. வேலை பேசியது, சரி, என்ன பேசியது? உயரம்தானே என்று பேசியது. போலீசுக்கும் வனக் காவலருக்கும் தவிர யாருக்கு உயரம் வேண்டும் என்று பேசியது. அவள் இதைக் கிருபாகரனிடம் நேற்றே சொல்லியிருக்கலாம். சொல்லப்போனாள்கூட. அவர் போனில் இருந்தார், அவள் நாற்காலிக்குப் பின்னால் ஒரு நிமிடம் நின்றாள், அவர் கையால் "என்ன?" என்றார், "ஒண்ணுமில்ல" என்று தலையாட்டித் திரும்பிவிட்டாள். எப்போதுமே அப்படித்தான். சங்கரன்கோவிலில் ஆறாம் வகுப்பில் ஸ்டெல்லா டீச்சர் வருகை எடுக்கும்போது இவள் "உள்ளேன் டீச்சர்" என்பாள், டீச்சருக்குக் கேட்காது, இரண்டாவது பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறவளுக்கு ஆப்சென்ட் விழும். தொடர்ந்து பதினோரு நாள். வீட்டுக்குக் கடிதம் வந்தது. அப்பா பதறிப்போய்ப் பள்ளிக்கு ஓடி, "எம் பிள்ள எங்க போச்சு?" என்று கேட்க, வகுப்பே அவளைத் திரும்பிப் பார்த்தது. இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொல்லியிருக்கலாமே என்று எல்லோரும் சொன்னார்கள். எவ்வளவு சத்தம் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை.

பதினொன்றாவது லட்சம். இந்த அறைக்கென்று ஒரு சத்தம் இருக்கிறது, ஒரே சுருதியில், முதலில் காதைக் குடைந்து, பிறகு காணாமல் போய், நாம் அதைப் பற்றி நினைத்ததும் திரும்ப வருகிறது. மெஷினின் நெற்றியில் போன ஆயுத பூஜையின் சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. அதைத் துடைக்காமல் விட்டது கமாலுதீன் சாராம், துடைத்தால் அதை வைத்துவிட்டுத் திருநெல்வேலிக்கு மாற்றலாகிப் போன ரெபெக்கா மேடம் போனில் திட்டுவார்களாம். இங்கே பதினான்கு பேர் இருந்தார்கள். இப்போது மூன்று, மற்ற இருவரும் உள்ளறையில் பழைய டேப்புகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். ரெபெக்கா மேடம் தபால் பிரிக்கும் பிரிவில். தெய்வசிகாமணி சார் விருப்ப ஓய்வு வாங்கி ஜெராக்ஸ் கடை. மற்றவர்கள் எங்கெங்கோ. சனிக்கிழமைக்குப் பிறகு மீதி இரண்டு பேர் கவுன்டருக்குப் போகிறார்கள், டோக்கன் கொடுக்க. முப்பது வருடம் ஒரு மெஷினோடு பேசத் தெரிந்தவர்களுக்கு, அந்த மெஷின் போனதும் டோக்கன் கொடுக்கிற வேலை. அவளுக்கு ஏனோ தன் நிறுவனத்தின் பெஞ்ச் ஞாபகம் வந்தது, அங்கே பெஞ்ச் என்பது நிஜமான பெஞ்ச் இல்லை, திட்டம் எதிலும் இல்லாதவர்களின் பட்டியல், அறுபது நாள் அதில் இருந்தால் மெயில் வரும். இந்த மாற்றம் தள்ளிப்போனால் அவள் பெயர் முதலில் அதற்குப் போகும். "கமாலுதீன் சார்." வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்தாள். சார், 999 என்றால் என்ன? மூன்று சொல். காலையில் ரயிலில் ஏறியதிலிருந்து அவள் வைத்திருக்கிற மூன்று சொல். கேட்டால் தெரிந்துவிடும். தெரிந்தால் ஏதாவது செய்ய வேண்டியிருக்கும். ஆனால் கேட்காமல் இருக்க முடியாதபடி உள்ளே ஒன்று துள்ளியது, அது பயத்தைவிட மூத்தது, சின்ன வயதில் மூடிய டப்பாவைக் கண்டால் ஆட்டிப் பார்க்கச் சொன்னதும் அதுதான். "சார், உயரத்துல 999 போட்டிருக்கே, அது என்ன சார்?"

அவர் திரும்பவில்லை. குல்லாய் மட்டும் கொஞ்சம் அசைந்தது. "எதுக்குக் கேக்கற?" "சும்மா சார். தெரிஞ்சுக்கலாம்னு." "சும்மா தெரிஞ்சுக்கற ஆளு யாரும் இங்க வரமாட்டாங்கம்மா. ரூல்புக் எழுதின கம்பெனிக்காரன் ஆறு மாசம் வந்தான், டீ குடிச்சான், ஒருத்தன் கேக்கல." பதினாறாவது லட்சம், பதினேழு. அவள் பேசாமல் இருந்தாள், பேசாமல் இருப்பது அவளுக்குச் சுலபம், அதுவே ஒரு கேள்வியாக நிற்கும் என்பது அவளுக்கே அப்போதுதான் புரிந்தது. அவர் நாற்காலியைத் திருப்பினார். ஒரு புயல் வருடம் என்றார். கடலோரத்தில் நாலு தாலுகா. அலுவலகத்துக்குள்ளே இடுப்பளவு தண்ணீர், அட்டைகள் எல்லாம் கூழ். அங்கே பதிந்தவர்கள் பதிவை மறு உத்தரவு வரும்வரை காலாவதி ஆக்கக் கூடாது, அவர்கள் புதுப்பிக்கவும் தேவையில்லை என்று அரசாணை வந்தது. "நல்ல ஆணைதான். ஆனா அதைக் குறிக்க மெஷின்ல கட்டம் இல்ல. புதுக் கட்டம் போடணும்னா அத்தனை லட்சம் ரெக்கார்டையும் திருப்பி ஏத்தணும். ஆறு மாசம் ஆகும். டைரக்டர் நாளைக்கு வேணும்ங்கறாரு. தெய்வசிகாமணிதான் சொன்னான், உயரத்தை எவன்யா பாக்கறான்னு. காலாவதி புரோகிராம்ல ஒரு வரி சேர்த்தோம், உயரம் 999னா தொடாதே. அவ்வளவுதான். மறு உத்தரவு?" அவர் கையை விரித்தார். "இன்னிக்கு வரைக்கும் வரல." அவளுக்குச் சிரிக்கத் தோன்றியது, கைதட்டத் தோன்றியது, எவ்வளவு அழகான திருட்டுத்தனம் இது, ஆறு மாத வேலையை ஒரு மதியத்தில், யாருக்கும் தேவைப்படாத ஒரு கட்டத்துக்குள் ஐயாயிரம் பேரைக் கொண்டுபோய் மழைக்கு ஒதுங்கவைத்திருக்கிறார்கள், அவர்களும் வருடக்கணக்காக நனையாமல் இருந்திருக்கிறார்கள், போன மாதம் ஒரு பெண் வந்து கூரையைப் பிரிக்கும்வரை. "எங்கியும் எழுதிவைக்கலியா சார்?" "எழுதறதுக்கு என்னம்மா இருக்கு, எங்களுக்குத்தான் தெரியுமே." எங்களுக்கு என்றபோது அவர் அறையைச் சுற்றிப் பார்த்தார். பதினோரு நாற்காலிகள் மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன.

இருபத்திரண்டாவது லட்சம். அப்படியானால் சுலபம். அரசாணை இருக்கிறது, எண் இருக்கிறது, அவள் எழுதிய வரியை எடுத்துவிடலாம், புதிய மெஷினில் இதற்கென்று ஒரு கட்டமே போடலாம், தப்பு என்னுடையது என்று சொன்னால் ஒரு திட்டு, ஒரு வாரத் தாமதம். நெஞ்சு லேசாகியது. லேசானதும் அடுத்த கேள்வி தானாக எழும்பியது, அதை அவளால் தடுக்க முடியவில்லை. "அப்ப 998 சார்? நாப்பத்தொரு பேருக்கு 998 இருக்கு." அவர் குல்லாயைக் கழற்றினார். தலை முழுக்க நரை, ஓரத்தில் மட்டும் மருதாணி. கழற்றிய குல்லாயை என்ன செய்வது என்று தெரியாதவர்போல மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தார். "அது ஆணை இல்ல" என்றார் கடைசியில். "அது நான்." மாதத்தில் ரெண்டு நாள் கவுன்டர் டூட்டி போடுவார்களாம் அப்போது. புதுப்பிக்க வருவார்கள். நாலு நாள் பிந்தி, பத்து நாள் பிந்தி. மஞ்சள்காமாலை, சாவு, வெளியூர் வேலை, புருஷன் அட்டையைக் கிழித்துப் போட்டது. தேதியைத் திருத்த முடியாது, திருத்தினால் பதிவேட்டில் ஏறும், அதிகாரி கையெழுத்து வேண்டும், அவர் போட மாட்டார். உயரத்தைத் திருத்தினால் எதிலும் ஏறாது. "எல்லாருக்கும் போட்டேன்னு நெனைக்காதே. எத்தனையோ பேரைத் திருப்பி அனுப்பியிருக்கேன். எந்தக் கணக்குன்னு கேட்டா எனக்கே சொல்லத் தெரியாது. சில பேர் மூஞ்சியைப் பாத்தா கை போயிடும். ஆணையோட கலந்துடக் கூடாதுன்னு ஒண்ணு குறைச்சுப் போட்டேன், புரோகிராம்லயும் 998னா தொடாதேன்னு சேர்த்தேன். அவ்வளவு யோக்கியதை இருந்திச்சு." எவனிடமும் ஒரு டீ வாங்கிக் குடித்ததில்லை என்றார். அவள் அதைக் கேட்கவேயில்லை.

திரை ஒரு வரியைச் சேர்த்தது, அவள் எத்தனையாவது என்று பார்க்கவில்லை. "ஒண்ணு சொல்றேன் கேளு" என்று அவர் குனிந்தார். "நீ 999 மட்டும் போய்ச் சொல்லு. அதுக்கு ஆணை இருக்கு, யாரும் ஒண்ணும் பண்ண முடியாது. இந்த நாப்பத்தொண்ணை விட்டுடு. எனக்கு ஜூலை கடைசியோட முடியுது. ரெண்டு மாசம். இப்ப ஒரு மெமோ வந்துதுன்னா பென்ஷனை நிறுத்திவைப்பாங்க, விசாரணை அது இதுன்னு நாலு வருஷம்." "விட்டா அவங்க பேரு போயிடுமே சார்." "இத்தன வருஷம் இருந்ததே பெரிசு." அதைச் சொல்லும்போது அவர் அவளைப் பார்க்கவில்லை. இனி புதுப்பிக்க வர வேண்டாம், ரெக்கார்டு பத்திரமாக இருக்கிறது என்று அவர் சொன்னதை நம்பிக்கொண்டு, எங்கெங்கோ நாற்பத்தொரு பேர் சமைத்துக்கொண்டோ பஸ்ஸில் நின்றுகொண்டோ இருக்கிறார்கள். சனிக்கிழமை அவர்களுக்கு எதுவும் தெரியாது. யாரும் கதவைத் தட்டி உங்கள் பெயர் போய்விட்டது என்று சொல்ல மாட்டார்கள். வர வேண்டிய கடிதம் வராது, அவ்வளவுதான், வராத கடிதத்தை யார் கவனிப்பார்கள்? அப்போது மூன்றாவது வழி ஒன்று அவளுக்குத் தோன்றியது, அவ்வளவு சின்னதாக, அவ்வளவு சுத்தமாக, தோன்றியதும் முதுகு சில்லிட்டது, அது ஏசி இல்லை. உயரம் 998 என்றால் 999 ஆக்கு. ஒரு வரி. நாற்பத்தொரு பேரும் ஐயாயிரத்து எண்ணூற்று எழுபது பேருக்கு நடுவே போய் நின்றுகொள்வார்கள். சாருக்கும் ஒன்றும் வராது. யாரும் பார்க்க மாட்டார்கள் என்பதற்கு அவளே சாட்சி, போன மாதம் அவள் எழுதிய வரியை யார் பார்த்தார்கள்? கை விசைப்பலகையைத் தேடியதுபோல இருந்தது. ஆனால் நாலு தாலுகாவுக்கான ஆணை, இந்த நாற்பத்தொன்றில் பாதி சேலம், தர்மபுரி. என்றைக்காவது ஒருவர் சரிபார்த்து, சேலத்தில் எப்போதய்யா கடல் வந்தது என்று கேட்டால், சந்தேகம் நாற்பத்தொன்றோடு நிற்காது, ஆணையோடு நிற்கிற அத்தனை பேர் மேலும் விழும். அதுகூடக் காரணம் இல்லை, அவள் தன்னையே துருவிப் பார்த்தாள், உண்மையான காரணம் வேறு. அந்த வரியை எழுதிவிட்டால் இன்னும் முப்பது வருடம் கழித்து, யாரோ ஒருத்தி தயிர்சாதம் பிசைந்துகொண்டே இதைத் திறந்து, யார் இவர்கள் என்று கேட்பாள், அவளுக்குப் பதில் சொல்ல ஆள் இருக்காது. கமாலுதீன் சார் இப்போதாவது இருக்கிறார். சொன்னால் சாருக்கு மெமோ. சொல்லாவிட்டால் நாற்பத்தொரு பேர். இரண்டையும் மாற்றி மாற்றி எடை போட்டாள், ஒவ்வொரு முறையும் தட்டு ஒரு பக்கம் தாழும்போது மறுபக்கத்தில் ஒரு முகம் தெரிந்தது, ஒரு பக்கத்து முகம் இதோ எதிரே குல்லாயைத் தடவிக்கொண்டிருந்தது, மறுபக்கத்து முகங்களை அவள் பார்த்ததே இல்லை. பார்க்காதவர்கள் என்பதால் எடை குறையுமா? முப்பத்தெட்டாவது வரி வந்தது. ஓட்டம் முடிந்தது. பிரிண்டர் ஒரு முறை செருமிவிட்டு அடிக்க ஆரம்பித்தது. காகிதத்தின் ஓரத் துளைகளை அவள் கிழித்தாள், நேராகக் கிழிபடவில்லை. "சார், நீங்களும் மீட்டிங்குக்கு வரணும்ல?" "வரணும்." "சார், நான்..." என்றாள். "தெரியுது போம்மா" என்றார், கோபமா என்று குரலில் கண்டுபிடிக்க முடியவில்லை.

இணை இயக்குநர் சங்கமித்ரா மேடம் பேனாவைத் திறந்துவைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார். கிருபாகரன் அவருக்கு இடதுபக்கம், புதுச் சட்டை. கமாலுதீன் சார் கதவோரம் கிடந்த நாற்காலியில் பாதியில் உட்கார்ந்தார். அவள் நின்றாள், உட்காரச் சொல்லவில்லை என்பதால் இல்லை, உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாதோ என்று. "எவ்வளவு வித்தியாசம்?" "ஐயாயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினொண்ணு மேடம். பழைய பிழை, திருத்திட்டோம்" என்றார் கிருபாகரன். மேடம் காகிதத்தைத் தன் பக்கம் இழுத்தார். "இல்ல மேடம்" என்றாள் ஆவுடைச்செல்வி. யாருக்கும் கேட்கவில்லை. பேனா முனை காகிதத்துக்கு ஒரு விரற்கடை மேலே இருந்தது, மேடம் தேதியைக் கேட்டார், கிருபாகரன் சொன்னார், அவள் மறுபடி "இல்ல மேடம்" என்றாள், இந்த முறை அது அவளே எதிர்பாராத அளவுக்குப் பெரிதாக வந்து, வெளியே நின்ற பியூன் எட்டிப் பார்த்தார். "அது பிழை இல்ல மேடம். நான் அழிச்சிட்டேன். உயரக் கட்டத்துல ஒரு குறி வச்சிருந்தாங்க, எனக்குத் தெரியல, போன மாசம் நான் அதைக் காலி பண்ணிட்டேன்." அரசாணையைச் சொன்னாள், புயலைச் சொன்னாள், மறு உத்தரவு வரவே இல்லை என்பதைச் சொன்னாள், சொல்லச் சொல்ல வாக்கியங்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு வந்தன. கிருபாகரனின் காது சிவப்பதைப் பார்த்தாள். மேடம் முழுவதும் கேட்டார். பிறகு அவள் பயந்த கேள்வியை, அவள் பயந்த அதே சொற்களில் கேட்டார்: "இத்தனை பேருக்கும் ஆணை இருக்கா?" ஆமாம் என்பது எவ்வளவு சின்னச் சொல். தலையை ஆட்டினாலே போதும், வாயைக்கூடத் திறக்க வேண்டாம், அவளுக்கு அது நன்றாக வரும். கதவோரத்து நாற்காலி கிறீச்சிட்டது. "இல்ல மேடம். நாப்பத்தொரு பேருக்கு இல்ல." "அதை யார் போட்டது?" அவள் மேஜைமேல் இருந்த கண்ணாடிக் குண்டைப் பார்த்தாள், அதற்குள் ஒரு குமிழி இருந்தது, அதையே பார்த்தாள். பெயரைச் சொல்ல மாட்டாள் என்பது மட்டும் அவளுக்கு உறுதியாகத் தெரிந்தது, அதற்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. "நான்தான் மேடம்" என்று பின்னாலிருந்து கமாலுதீன் சார் சொன்னார். "அந்தப் பொண்ணு இப்பத்தான் வந்தது. அதை ஏன் கேக்கறீங்க?"

மேடம் பேனாவை மூடினார். சனிக்கிழமை எதையும் அணைக்க வேண்டாம் என்றார். நாற்பத்தொரு பேருக்கும் கடிதம் போட்டு, பிந்தியதற்கு என்ன காகிதம் வைத்திருக்கிறார்களோ அதோடு வரச் சொல்லுங்கள், ஒவ்வொன்றாகப் பார்க்கலாம், யார் நிற்பார்கள் யார் போவார்கள் என்று இப்போது சொல்ல முடியாது என்றார். "கமாலுதீன், நீங்க மூணு மணிக்குள்ள விளக்கம் எழுதிக் குடுங்க. உங்களுக்கு என்ன பண்ண முடியும்னு அதைப் பாத்துத்தான் சொல்வேன்." நடைபாதையில் கிருபாகரன் அவள் பக்கத்தில் வந்து, சத்தமில்லாமல், "எங்கிட்ட மொதல்ல சொல்லியிருக்கலாம்ல, செல்வி?" என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். "ஆமா. சொல்லியிருக்கணும்" என்றாள். "மேலிடத்துல என்ன சொல்லட்டும் நான்?" "நான்தான் அழிச்சேன்னு சொல்லுங்க." அவர் அவளை முதல்முறையாகப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டுப் போனை எடுத்துக்கொண்டு படியிறங்கினார். பெஞ்ச், அறுபது நாள், மெயில் என்று மனம் வரிசையாக எண்ணிப் பார்த்தது, பயமாகத்தான் இருந்தது, ஆனால் பயத்துக்குப் பக்கத்திலேயே அந்தப் பழைய துள்ளலும் உட்கார்ந்துகொண்டு இவளைத் தூண்டியது. அவள் மெஷின் அறைக்குத் திரும்பினாள். கமாலுதீன் சார் ஒரு வெள்ளைத்தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், அதில் 'ஐயா' என்று எழுதி அடித்து 'அம்மையீர்' என்று எழுதி அதையும் அடித்திருந்தார். "வா. நல்லா மாட்டிவிட்டே" என்றார். பேனாவை அவள் பக்கம் நீட்டினார். "எனக்கு இதெல்லாம் எழுத வராதும்மா. முப்பத்தஞ்சு வருஷத்துல ஒரு விளக்கம் எழுதினதில்ல. எழுதிக் குடு, கையெழுத்துப் போடறேன்." அவள் நாற்காலியை இழுத்துப்போட்டாள். எங்கிருந்து தொடங்குவது? மேடம் கேட்டது ஏன் என்று. ஏன் என்பது எங்கோ ஒரு நாளில், ஒரு ஆளில் தொடங்கியிருக்கும். "சார், முதல்ல யாருக்குப் போட்டீங்க?" அவர் யோசிக்கவே இல்லை. "பூங்கோதை. அரூர் பக்கம். தையல் டீச்சருக்குப் பதிஞ்சிருந்துச்சு. ஒம்பது நாள் லேட்டு. ஏன் லேட்டுன்னேன். பதில் சொல்லல, துணி சுத்தின குழந்தையைத் தூக்கி கவுன்டர் மேல வச்சுது. அது பொறந்து ஒம்பது நாள்." அவள் பச்சைத் திரைக்குப் போய் அந்தப் பெயரை, அந்த ஊரை, அவர் சொல்லச்சொல்ல அடித்தாள். மெஷின் சிறிது நேரம் தேடியது. பூங்கோதை, தையல் ஆசிரியர், வயது ஐம்பத்தொன்று. பதிவு: நடப்பில். மாவட்ட வரிசையில் இடம்: மூன்று. கமாலுதீன் சார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரைக்கு வெகு அருகில் வந்து அதைப் படித்தார், மறுபடியும் படித்தார். "மூணா?" என்றார். "மூணு சார்." அவர் அடித்துத் திருத்திய தாளைக் கசக்கிப்போட்டு, அவள் பக்கம் புதுத்தாள் ஒன்றைத் தள்ளினார். "எழுது. மொத வரியில அவங்க பேரைப் போடு."